நாலு சாண்ட்விச்சும் நாலு பைசா ரவுண்ட் ஆஃபும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் சாண்ட்விச்சுக்கும் எந்த வாய்க்கால் தகராறும் கிடையாது. சேலத்தில் பிறந்தவனுக்கு எப்படி இருக்கும்? தட்டுவடை செட் என்பது வேறென்ன? கீழே ஒரு தட்டுவடை, மேலே ஒரு தட்டுவடை, நடுவில் காரச் சட்னி, பச்சைச் சட்னி, துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம். ரொட்டி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அடி, நடு, மூடி என்கிற சூத்திரத்தை இங்கே மூன்றாம் வகுப்புப் பையனே தின்று தெரிந்துகொள்கிறான். அதனால் "உனக்கு இதெல்லாம் புரியாதுடா" என்று ஆரம்பிக்கப்போகும் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்தருளவும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஐந்து ரோட்டுப் பக்கம் புதிதாக ஒரு சாண்ட்விச் கடை திறந்திருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், ஏன் என்பது போகப்போகத் தெரியும். திறந்த முதல் வாரமே வகுப்பில் பாதிப் பேர் அங்கே போய் நின்று படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார்கள். சுவரில் நியான் விளக்கில் இங்கிலீஷில் ஒரு தத்துவம், அதைச் சுற்றி பிளாஸ்டிக் கொடி, அதற்குக் கீழே நம்ம பயல்கள். எல்லார் ஸ்டேட்டஸிலும் சுவர் இருந்தது. ஒருத்தர் ஸ்டேட்டஸிலும் சாண்ட்விச் இல்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். விதி யாரை விட்டது.

இன்டர்னல் முடிந்த சனிக்கிழமை மத்தியானம் நாலு பேர் கிளம்பினோம். நான், ஆடிட்டர் (சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதினான், பாஸாகவில்லை, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது), மாம்ஸ், சுருட்டை. சுருட்டையைப் பற்றி மட்டும் நாலு வரி. வீடு அம்மாபேட்டை. அப்பா தறி ஓட்டுகிறார். முகூர்த்த நாள் வந்தால் இவன் கேட்டரிங்குக்குப் போவான். கையில் சாம்பார் வாளியோடு சாயங்காலம் ஐந்து மணிக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி பதினொன்றரை வரைக்கும் நிற்க வேண்டும். 500 ரூபாய். அன்றைக்கு அவன் பர்ஸில் இருந்தது அப்படி ஒரு ராத்திரி நின்ற காசு. "முந்நூறு ரூபாயெல்லாம் ஒரு காசா மச்சி" என்று கேட்கப்போகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

என் பையில் அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தது. அதைத் திறக்காமல் போனேன். இந்தக் குற்றத்தை நானே ஒப்புக்கொள்கிறேன்.

கடைக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, கை எங்கே கழுவுவது? கழுவ இடமே இல்லை! டிஷ்யூ பேப்பர் இருக்கிறது, ஸ்பிரே பாட்டில் இருக்கிறது, பச்சைப் புல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் பாய் சுவரில் இருக்கிறது, ஒரு குழாய் இல்லை. சாண்ட்விச் கையால் பிடித்துத் தின்கிற பண்டம். சேலம் ஜங்ஷன் பக்கம் இருக்கிற சின்ன டீக்கடையில்கூட ஒரு டிரம், ஒரு மக் வைத்திருப்பார்கள். இவர்களுக்கு உள்அலங்காரம் செய்துகொடுத்த மகராசன் கையால் சாப்பிடுகிற மனுஷனைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

அடுத்தது தண்ணீர். டம்ளரில் தண்ணீர் கிடையாது. பாட்டில்தான். எம்.ஆர்.பி. 20 ரூபாய் அச்சடித்த பாட்டில், இங்கே 40. நான் துள்ளினேன். "எம்.ஆர்.பி.க்கு மேல விக்கறது சட்டவிரோதம்டா, விடக்கூடாது." ஆடிட்டர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தான். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாம். ஹோட்டலிலும் ரெஸ்டாரண்டிலும் உட்கார்ந்து குடிக்கிற பாட்டில் தண்ணீருக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம். அது பெட்டிக்கடை விற்பனை மாதிரி இல்லை, மேஜை, நாற்காலி, சேவை எல்லாம் சேர்ந்த ஒன்று என்கிற வாதம். சரிதான், தோற்றேன். சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிற இடத்தில் ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. மேஜை, நாற்காலி, சேவைக்காகத்தான் தண்ணீருக்கு இரட்டை விலை. இந்த வரியை மட்டும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் கொடுத்தோம். ஒரு நம்பர் எழுதின மரக்கட்டையைக் கையில் கொடுத்தார்கள். நம்பர் கூப்பிடும்போது நாமே போய் டிரேயை எடுத்துவர வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். பில் மட்டும் கடைசியில்.

முப்பத்தைந்து நிமிஷம். நாலு சாண்ட்விச்சுக்கு! கடையில் எங்களைத் தவிர இரண்டே மேஜையில் ஆள். போர்டில் 'லைவ் கிச்சன்' என்று போட்டிருந்தது. லைவாக எங்களுக்குக் கேட்டது மைக்ரோவேவ் அடுப்பின் 'டிங்' மட்டும்தான். மூன்று தடவை.

இனி அந்தச் சாப்பாடு. இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

பனீர் டிக்கா கிரில் சாண்ட்விச். 210 ரூபாய். ரொட்டிக்கு மேலே கறுப்புக் கோடு கோடாக அழகாகத்தான் இருந்தது, புலிக்குட்டி மாதிரி. உள்ளே நாலு பனீர் துண்டு. எண்ணினேன். வெளித்துண்டு சூடு, நடுத்துண்டு சில்லென்று இருந்தது. அதாவது ஃபிரிட்ஜில் இருந்து வந்த பூரணத்தை ரொட்டிக்குள் திணித்து, மேல்பக்கம் மட்டும் சூடு காட்டியிருக்கிறார்கள். சீஸ் உருகவில்லை. ஓரத்தில் மடங்கி, செல்போன் ஸ்கிரீன் கார்டு மாதிரி உரிந்து வந்தது. குடைமிளகாய் பச்சையாக. டிக்கா என்றால் தந்தூரி அடுப்பின் புகை வாசம் கொஞ்சமாவது வேண்டாமா? மஞ்சள் நிறம் இருந்தது, அதுதான் டிக்கா.

கிளப் சாண்ட்விச் இன்னும் மோசம். மூன்று ரொட்டி அடுக்கின் நடுவில் ஒரு பல்குச்சி, பல்குச்சியில் ஒரு காகிதக் கொடி. நடு ரொட்டி தக்காளிச் சாற்றில் ஊறி, நேற்று ராத்திரி டம்ளரில் போட்டு மறந்துபோன ரஸ்க் மாதிரி ஆகிவிட்டது. கொடியை எடுத்ததும் கோட்டை சரிந்தது. மாம்ஸ் ஸ்பூன் கேட்டு வாங்கி, பிசைந்து சாப்பிட்டான்.

ரொட்டி ஏன் ஊறுகிறது? இது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஈரமான காய் ரொட்டியைத் தொடக்கூடாது. ரொட்டியின் ஓரம் வரைக்கும் வெண்ணெய் தடவினால் அந்தக் கொழுப்பு ஒரு படலமாக நின்று தண்ணீரை உள்ளே விடாது. பம்பாயில் நடைபாதையில் சாண்ட்விச் விற்கிறவர்கள் முதலில் வெண்ணெய், அதற்கு மேல் பச்சைச் சட்னி, அப்புறம்தான் வெள்ளரி, தக்காளி, அவித்த உருளைக்கிழங்கு, பீட்ரூட் என்று அடுக்குவது சும்மா இல்லை. பிறகு கைப்பிடி வைத்த டோஸ்டரில் இறுக்கி மூடி அடுப்பில் காட்டி எடுக்கிறார்கள். நம்ம ஊர் செட் கடை அக்காவுக்கும் இதே விஷயம் வேறு விதமாகத் தெரியும். தட்டுவடையில் சட்னி பட்ட அடுத்த நிமிஷமே அது நமுக்க ஆரம்பிக்கும். அதனால் நீங்கள் எதிரில் நின்றால்தான் கையே வைப்பார். பார்சல் கேட்டால் சட்னியைத் தனியாகக் கட்டிக்கொடுப்பார். ஒரு பண்டம் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பது அந்த அக்காவுக்குத் தெரிகிறது. லட்சம் லட்சமாகச் செலவழித்து ஏ.சி. போட்ட கடைக்குத் தெரியவில்லை.

சுருட்டை வாங்கியது சிக்கன் மயோ, 230 ரூபாய். மயோ இருந்தது. சிக்கன் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. (பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருடத்துக்குத் தடை போட்டது ஞாபகம் இருக்கிறதா? அதிலிருந்து எனக்கு எங்கே மயோவைப் பார்த்தாலும் கேட்டுவிடும் பழக்கம். "வெஜ் மயோதான்ணா" என்றான் கவுன்டரில் இருந்த பையன். சந்தோஷம்.) ஒவ்வொரு தட்டிலும் பாக்கெட் சிப்ஸ். எனக்கு ஏழு, மாம்ஸுக்கு ஒன்பது. இதில்கூட சமநீதி இல்லை.

சுருட்டை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசித் துணுக்கு வரைக்கும் சாப்பிட்டான். தட்டில் இருந்த மயோவை ரொட்டி ஓரத்தால் வழித்துச் சாப்பிட்டான். காசு கொடுத்ததை வீணாக்கக்கூடாது என்பது ஒரு பக்கம். நல்லா இல்லை என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு ராத்திரி வேலை வீணாகிவிட்டது என்று ஒத்துக்கொள்கிற மாதிரி ஆகிவிடும் என்பது இன்னொரு பக்கம். இது என் ஊகம்தான். அவனிடம் கேட்கவில்லை.

பிறகு பில் வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன். பனீர் இரண்டு 420. கிளப் 240. சிக்கன் மயோ 230. லெமன் ஐஸ் டீ ஒன்று (நாலு ஸ்ட்ரா) 120. தண்ணீர் இரண்டு 80. ஆக 1,090. இதுவரைக்கும் நாங்களே மெனு பார்த்துச் சொன்னது, வாயை மூடிக்கொண்டு கட்ட வேண்டியது. அதற்குக் கீழே சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 109. இரண்டையும் கூட்டி 1,199. அதன் மேல் சி.ஜி.எஸ்.டி. 2.5, எஸ்.ஜி.எஸ்.டி. 2.5, சேர்த்து 59.96. ரவுண்ட் ஆஃப் 4 பைசா. மொத்தம் 1,259.

அந்த நாலு பைசாவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 109 ரூபாயைக் கேட்காமல் எடுத்தவர்கள் நாலு பைசாவுக்குத் தனி வரி போட்டுக் கணக்குக் காட்டுகிறார்கள். நேர்மை!

சர்வீஸ் சார்ஜ். டிரேயை எடுத்துவந்தது நான். திரும்பக் கொண்டுபோய் வைத்தது மாம்ஸ். மேஜையில் சிந்தின மயோவைத் துடைத்தது ஆடிட்டர். நியாயமாகப் பார்த்தால் அந்த 109 ரூபாயை எங்கள் நாலு பேருக்கும் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும். இப்போது அந்தத் தண்ணீர் பாட்டில் வரிக்குத் திரும்பிப் போங்கள். சேவைக்காகத்தான் 20 ரூபாய்த் தண்ணீர் 40 ஆனது. அப்படியானால் இது எந்தச் சேவைக்கு? ஒரே சேவையை இரண்டு தடவை விற்கிறார்கள், ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை.

மேனேஜரைக் கூப்பிட்டோம்.

"சார், இந்த சர்வீஸ் சார்ஜை எடுத்துடுங்க."

"அது சிஸ்டத்துலயே வரும் தம்பி. எங்க கையில இல்ல."

"சிஸ்டத்துல வந்தா சிஸ்டமே கட்டட்டும் சார்" என்றான் மாம்ஸ். (அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே உருப்படியான வசனம்.)

"மெனு கார்டுல போட்டிருக்கோமே, பாக்கலீங்களா?"

பார்த்தோம். கடைசிப் பக்கத்தில், கடைசி வரியில், எறும்பு படிக்கிற எழுத்தில் இருந்தது.

இங்கேதான் ஆடிட்டர் அவதாரம் எடுத்தான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் போட்டது. எந்த ஹோட்டலும் ரெஸ்டாரண்டும் சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக்கூடாது. வேறு பெயரிலும் வாங்கக்கூடாது. கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கையாளர் இஷ்டம் என்று சொல்ல வேண்டும். அதைச் சாப்பாட்டு பில்லோடு கூட்டி அந்தக் கூட்டுத்தொகை மேல் ஜி.எஸ்.டி. போடக்கூடாது. ஹோட்டல்காரர்கள் சங்கங்கள் வழக்குப் போட்டு அதே மாதமே தடை வாங்கின. கடைசியில் 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழக்குகளைத் தள்ளுபடி செய்து, வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லிவிட்டது. சங்கங்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கட்டச் சொல்லியும் உத்தரவு. அதன் மேல் அவர்கள் அப்பீல் போனது தனிக்கதை.

ஆடிட்டர் இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். மேனேஜர் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்ன பதில் எங்கள் வகுப்பில் ரொம்ப நாளைக்கு நிற்கும்.

"அது டெல்லி தம்பி. இது சேலம்."

ஆணையம் இந்தியா முழுக்கத்தான் என்று புரியவைக்க இன்னும் பத்து நிமிஷம். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்ததும் அவருக்கே அவசரம் வந்துவிட்டது. பில்லை ரத்து செய்து வேறு பில் போட்டார்கள். 1,090, அதன் மேல் ஜி.எஸ்.டி. 54.50, ரவுண்ட் ஆஃப் 50 பைசா, மொத்தம் 1,145. ஆளுக்கு 286 ரூபாய் சொச்சம். வெளியே வந்து ஏதோ கப்பல் பிடித்த மாதிரி கை தட்டிக்கொண்டோம். 114 ரூபாய் மிச்சம்! நாலரை மணிக்கு வீட்டுக்குப் போய் எலுமிச்சை சாதத்தைத் திறந்தேன். ஆறிப்போயிருந்தது, அப்போதும் அந்தக் கிளப்பை விட நூறு மடங்கு தேவலை.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

நடந்ததைத் திங்கட்கிழமை வகுப்பில் சொன்னபோது ஒரு கூட்டம் எதிர்த்துப் பேசியது. "ரேட் தெரிஞ்சுதானே போனீங்க?" ஆமாம் சாமி, ரேட் தெரிந்துதான் போனோம். 210 ரூபாய்க்கு நான் ஒரு வார்த்தை சொன்னேனா? அவர் கடை, அவர் விலை. வேண்டாம் என்றால் நான் பேக்கரிக்குப் போய் முட்டை பப்ஸ் தின்பேன். வணிகவியல் படிக்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா? மெனுவில் ஒரு விலை போட்டால் அது கடைக்காரர் நீட்டுகிற கை. நான் ஆர்டர் கொடுத்தால் அது நான் நீட்டுகிற கை. கை குலுக்கின பிறகு மோதிரத்தைக் கழற்றுவதைத்தான் கேட்கிறேன். 240 வேண்டுமானால் மெனுவில் 240 என்று போட்டுவிட்டுப் போங்கள். போட மாட்டார்கள். 240 என்று போட்டால் நாம் உள்ளே வரமாட்டோம் என்று தெரியும். 210 என்று காட்டி உள்ளே அழைத்து, எழுந்துபோகும்போது மிச்சத்தை வாங்குவது விலை இல்லை, வலை.

"ஆம்பியன்ஸுக்குத்தான் காசு மச்சி." இது இரண்டாவது கோஷ்டி. ஆம்பியன்ஸை நான் தின்ன முடியாது என்று சொல்லமாட்டேன், அது பழைய ஜோக். ஆனால் ஒன்று. நாம் படம் எடுத்துப் போடுகிறோமே, அது அந்தக் கடைக்கு விளம்பரம். பேனர் வைத்திருந்தால் காசு. நோட்டீஸ் அடித்திருந்தால் காசு. நம்ம வகுப்பில் முப்பது பேர் இலவசமாக அடித்துக் கொடுத்திருக்கிறோம். விளம்பரமும் நாமே செய்து, அதற்கான கட்டணத்தையும் நாமே கட்டுவதற்கு மார்க்கெட்டிங் பேப்பரில் என்ன பெயர்? எங்கள் புத்தகத்தில் இல்லை.

மூன்றாவது கேள்விதான் என்னை மாட்டிவிட்டது. முதல் பெஞ்ச் பெண் ஒருத்தி கேட்டாள். "சர்வீஸ் சார்ஜ் பத்தி இவ்வளவு பேசறீங்களே, ஜி.எஸ்.டி. சரியா போட்டாங்களான்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. 5 சதவீதம் என்றதும் சரி என்று விட்டுவிட்டோம். 2017 நவம்பர் 15 முதல் சாதாரண ரெஸ்டாரண்டுக்கு 5 சதவீதம்தான், உள்ளீட்டு வரிச் சலுகை இல்லாமல். இதெல்லாம் போன செமஸ்டர் மறைமுக வரி பேப்பரில் எழுதி மார்க் வாங்கினது. பில்லை எடுத்துப் பார்த்தோம். மேலே 'டாக்ஸ் இன்வாய்ஸ்' என்று இருந்தது. ஜி.எஸ்.டி. எண் இருந்தது, 33-ல் ஆரம்பிக்கிற தமிழ்நாட்டு எண். ஜி.எஸ்.டி. தளத்தில் போய் அந்தப் பதினைந்து எழுத்தைத் தட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், லாகின்கூட வேண்டாம். தட்டினேன்.

வரி செலுத்துபவர் வகை என்ற இடத்தில் 'காம்போசிஷன்' என்று வந்தது.

வணிகவியல் அல்லாத மக்களுக்காக: வருடத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை விற்றுமுதல் இருக்கிற சின்ன ரெஸ்டாரண்டுகளுக்கு இது ஒரு சௌகரியம். மாதா மாதம் கணக்குத் தலைவலி இல்லாமல், மொத்த விற்பனையில் 5 சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்து கட்டிவிட்டுப் போகலாம். சௌகரியத்துக்கு ஒரு நிபந்தனை. வாடிக்கையாளரிடம் ஒரு பைசா வரி வாங்கக்கூடாது. 'டாக்ஸ் இன்வாய்ஸ்' கொடுக்கக்கூடாது, 'பில் ஆஃப் சப்ளை'தான் கொடுக்க வேண்டும். அதன் தலையிலேயே, நான் காம்போசிஷன் ஆள், வரி வசூலிக்க எனக்கு உரிமை இல்லை என்று அச்சடிக்க வேண்டும். கடையில் போர்டும் வைக்க வேண்டும். இந்தக் கடையில் நியான் தத்துவத்துக்கு இடம் இருந்தது, அந்த போர்டுக்கு இல்லை.

அதாவது, நாங்கள் சண்டை போட்டு ஜெயித்து, கை தட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, எங்கள் 54 ரூபாய் 50 பைசா அவர் கல்லாவில் பத்திரமாக இருந்தது. அவர் கையிலிருந்து கட்ட வேண்டிய வரியை எங்கள் கையிலிருந்து எடுத்திருக்கிறார்.

54 ரூபாய்தானே என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு நாளைக்கு அறுபது பில், ஒரு பில் சராசரி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (அனுமானம்தான், குறைத்தே வைத்திருக்கிறேன்.) பில்லுக்கு 25 ரூபாய், நாளைக்கு 1,500, மாதத்துக்கு 45,000. இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 அன்று சீஸ், வெண்ணெய், சாஸ் வகையறாவுக்கெல்லாம் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 ஆனது. பாக்கெட் பனீருக்கு 5-லிருந்து பூஜ்யம். ரொட்டிக்கு முன்பே வரி கிடையாது. ரெஸ்டாரண்டுக்கு உள்ளீட்டு வரிச் சலுகை இல்லாததால் அந்தக் குறைப்பு நேராக அவர்கள் செலவைக் குறைக்கும். ஆக, சாமானுக்கு வரி குறைந்தது. சாப்பிடுகிறவனிடம் வாங்கக்கூடாத வரியையும் வாங்குகிறார்கள். நடுவில் நாலு துண்டு பனீர்.

இவ்வளவும் கையில் இருக்க, புகார் எழுத நாங்கள் மூவரும் தயாராகிவிட்டோம். 1915 இருக்கிறது, தேசிய நுகர்வோர் உதவி எண். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கே போடலாம், 5 லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணமே கிடையாது. "நாளைக்கே போட்டுடலாம்" என்றான் ஆடிட்டர். சுருட்டை மட்டும், "அந்தப் பையனை ஒரு தடவை பாத்துட்டுப் போடலாம்டா" என்றான்.

எந்தப் பையன்? கவுன்டரில் இருந்தவன். எங்களுக்கு அவனைத் தெரியாது, சுருட்டைக்குத் தெரியும். நம்ம கல்லூரிதான், நமக்கு ஜூனியர், சுருட்டையோடு இரண்டு மூன்று கல்யாணத்தில் சாம்பார் வாளி தூக்கியவன். (அவன் யார் என்று தேடாதீர்கள். துறை, வேலை, நாள் எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.) சாயங்காலம் செட் கடையில் பிடித்தோம். சுருட்டை அவனுக்கும் சேர்த்து ஒரு நொறுக்கல் சொன்னான்.

"எங்களால ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டேன், சும்மா கேட்பது போல.

"அதெல்லாம் இல்லண்ணா" என்றான். அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்த பில் கேன்சல் ஆனத என் கணக்குல எழுதிட்டாங்க" என்றான்.

114 ரூபாய். நாங்கள் கை தட்டிக்கொண்ட அதே 114. கஸ்டமரைச் சமாளிக்கத் தெரியாததற்காக. இதற்கு முன்னால் இரண்டு தடவை இப்படி எழுதியிருக்கிறார்களாம். சர்வீஸ் சார்ஜில் ஊழியர்களுக்கு ஏதாவது வருமா என்று கேட்டேன். அவன் சிரித்தான். சர்வீஸ் சார்ஜ் வந்தால் முதலாளிக்கு, வராவிட்டால் இவன் சம்பளத்தில். சம்பளத்தில் எதை எதைப் பிடிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. வாடிக்கையாளர் இஷ்டப்பட்டுத் தர வேண்டிய காசு வராமல் போனது அந்தப் பட்டியலில் எங்கேயும் கிடையாது.

நான் பர்ஸை எடுத்தேன். அசட்டுத்தனம். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். சுருட்டை என்னை ஒரு பார்வை பார்த்தான், பர்ஸை உள்ளே வைத்தேன்.

"புகார் குடுக்கப்போறோம்டா. உனக்கு எதாச்சும் ஆகுமா?"

"குடுங்கண்ணா. எனக்கு ஏழாம் தேதி சம்பளம். வாங்கிக்கறேன், அப்புறம் குடுங்க. நான் எப்படியும் நின்னுடலாம்னுதான் இருக்கேன்."

அந்த அக்கா செட் எடுத்துவைத்தார். பீட்ரூட் துருவல் விரலெல்லாம் சிவப்பு. நாலு பேருக்கும் அவனுக்கும் சேர்த்து அன்றைக்கு ஆன செலவு 190 ரூபாய். வரி இல்லை. வருடத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழே விற்கிற அந்த அக்காவுக்கு ஜி.எஸ்.டி. பதிவே தேவையில்லை. கை கழுவ டிரம் இருந்தது.

ஏழாம் தேதி வரைக்கும் காத்திருந்தோம். அதுவரைக்கும் இதை எழுதி வைத்துக்கொண்டு வெளியிடாமல் இருந்தேன். எட்டாம் தேதி காலையில் சுருட்டைக்கு அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. சம்பளம் வந்துவிட்டது, மூன்று தடவை எழுதினதும் பிடித்திருக்கிறார்கள், வேலையை விட்டுவிட்டான், வர்ற முகூர்த்தத்துக்கு கேட்டரிங்கில் ஆள் வேண்டுமா என்று கேட்டிருந்தான். நேற்று ராத்திரி இரண்டு பில்லையும் படம் எடுத்து இணைத்துப் புகாரைப் போட்டாகிவிட்டது. சர்வீஸ் சார்ஜுக்கு ஒன்று, ஜி.எஸ்.டி.க்கு ஒன்று. சம்பளப் பிடித்தத்துக்கு அவன்தான் கையெழுத்துப் போட வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.